நிரலாக்கமும் தரவுத்தளமும் கற்க எந்தப் பட்டம்? பி.இ., பி.எஸ்சி., பி.சி.ஏ. ஓர் ஒப்பீடு

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்த மறுவாரம், எங்கள் தெருவைச் சேர்ந்த இரண்டு மாணவிகள், ஒருவர் பின் ஒருவராக, பெற்றோருடன் என்னைப் பார்க்க வந்தார்கள். ஒருவர் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவர். கணிதம், இயற்பியல், வேதியியலுடன் கணினி அறிவியல் எடுத்திருந்தார். பொறியியல் கலந்தாய்வுக்கான அவருடைய கட்-ஆஃப் 200-க்கு 165-ஐ ஒட்டி இருந்தது. மற்றவர் வணிகவியல் பிரிவில் கணினிப் பயன்பாடுகள் பாடம் படித்தவர். நிரல் எழுதவும் தரவுத்தளங்களை வடிவமைக்கவும் முறையாகக் கற்று, அந்த வேலையிலேயே நிலைத்து நிற்க வேண்டுமானால் எந்தப் படிப்பில் சேர வேண்டும் என்பதே இருவரும் கேட்டது. கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் பல ஆண்டுகளாகத் தரவுத்தளப் பாடம் நடத்தி வருகிறவன் என்ற முறையில் நான் அவர்களிடம் சொன்னவற்றையும், அவசரத்தில் சொல்லாமல் விட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இருவருக்கும் ஒரே விடை பொருந்தாது என்பது அந்த உரையாடல்களின்போதே தெளிவாகிவிட்டது.

பட்டங்களை ஒப்பிடுவதற்கு முன், அந்த வேலை நம்மிடம் என்ன கேட்கிறது என்று பார்த்துவிட வேண்டும். தீபாவளிக்கு முந்தைய இரவு சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குப் புறப்படும் பேருந்தில் ஒரே ஓர் இருக்கை மிஞ்சியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தாம்பரத்தில் ஒருவரும் அம்பத்தூரில் ஒருவரும் ஒரே நொடியில் அந்த இருக்கையைக் கைப்பேசியில் பதிவு செய்ய முயல்கிறார்கள். இருவரிடமும் பணம் பிடிக்கப்பட்டு, இருவருக்கும் அதே இருக்கை எண் போய்ச் சேர்ந்துவிடக் கூடாது. ஒருவருடைய பணப் பரிமாற்றம் பாதியில் அறுந்துபோனால் இருக்கை பூட்டியபடியே கிடந்துவிடவும் கூடாது. இதைக் காப்பதற்கு, முழுதாக முடியும் அல்லது நடக்காததுபோலவே ஆகிவிடும் பரிவர்த்தனைகளைப் பற்றிய அறிவு வேண்டும். ஊர்ப் பெயர் மாறினால் ஆயிரம் இடங்களில் திருத்த நேராதபடி அட்டவணைகளைப் பிரித்து அமைக்க, இயல்பாக்கம் தெரிந்திருக்க வேண்டும். லட்சக்கணக்கான பதிவுகளுக்கு நடுவே ஒரு பயணச்சீட்டு எண்ணை இமைப்பொழுதில் எடுத்துத் தர, எந்தப் பதிவு எங்கே இருக்கிறது என்று காட்டும் குறிவரிசை எப்படி வேலை செய்கிறது என்று புரிந்திருக்க வேண்டும். இவை எல்லாவற்றையும் பயனர் தொடும் திரையோடு இணைப்பது நிரல். நிரலாக்கம் எந்த இடத்தில் முடிகிறது, தரவுத்தளம் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாத வேலை இது. ஆகவே ஒரு படிப்பை மதிப்பிடும்போது நான் இரண்டைத்தான் முதலில் பார்ப்பேன்: கணிதம், தரவுக் கட்டமைப்பு (நிரலுக்குள் தரவை அடுக்கி வைக்கும் முறைகள்), தரவுத்தளம் ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாகச் சரியான வரிசையில் வருகின்றனவா என்பது ஒன்று; அந்தக் கல்லூரியின் ஆய்வகம் மாணவரை வடிவமைக்கச் சொல்கிறதா, அல்லது பார்த்து எழுதச் சொல்கிறதா என்பது மற்றொன்று.

வரிசையைப் பொறுத்தவரை பொறியியல் பட்டத்துக்கே முதலிடம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி அமைந்த பி.இ. கணினி அறிவியல் பாடத்திட்டத்தில், முதல் பருவத்தில் பைத்தானும் இரண்டாம் பருவத்தில் சி மொழியும் வருகின்றன. மூன்றாம் பருவத்தில் தரவுக் கட்டமைப்புகளும், கணங்கள், தர்க்கம் போன்றவற்றைப் பற்றிய தனிநிலைக் கணிதமும் வருகின்றன. நான்காம் பருவத்தில்தான் தரவுத்தள மேலாண்மை, அதுவும் படிமுறைகள் (அல்காரிதம்), இயங்குதளம் ஆகியவற்றுடன் ஒரே பருவத்தில் அமைகிறது. இந்த வரிசையின் அருமை படிக்கும்போது தெரியாது. பாடம் நடத்துகிறவருக்குத் தெரியும். இரண்டு பணிகள் ஒன்று மற்றொன்றின் பூட்டுக்காகக் காத்து இரண்டுமே முடங்கிப்போகும் நிலையை மாணவர் இயங்குதளப் பாடத்தில் ஒரு வாரமும் தரவுத்தளப் பாடத்தில் இன்னொரு வாரமும் சந்திக்கிறார். இரண்டும் ஒரே சிக்கல் என்று உணர்கிற கணத்தில் பாடம் அவருடையதாகிவிடுகிறது. குறிவரிசைக்கு அடிப்படையான கிளைமரக் கட்டமைப்பும் அப்படித்தான். முந்தைய பருவத்தில் அதை நிரலாக எழுதிப் பார்த்தவருக்கு, இப்போது அதன் பயனை மட்டும் சொன்னால் போதும்.

கணிதம் எதற்கு என்று பெற்றோர்கள் கேட்பதுண்டு. தகவல்களை அட்டவணைகளாக வைத்து இன்று உலகெங்கும் புழங்கும் உறவுநிலைத் தரவுத்தளங்களுக்கு அடித்தளம் இட்ட எட்கர் காட், ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஒரு கணிதவியலர். அவர் 1970-இல் வெளியிட்ட கட்டுரையில் ‘உறவு’ என்று சொன்னது கணக் கோட்பாட்டில் வரும் அதே உறவைத்தான். கணங்களின் ஒன்றிப்பும் வெட்டும் பெருக்கலும் மனத்தில் நின்றவர், இரண்டு அட்டவணைகளை இணைக்கும் வினவலை, அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியை, எழுதும்போது என்ன நிகழ்கிறது என்று கண்ணால் காண்கிறார். நில்லாதவர் வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்கிறார். கணிதத்தில் மேதையாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் கணிதம் இல்லாத வழியில் போகிறவர், அந்தக் குறையை வேறெங்காவது ஈடுகட்டத் திட்டமிட்டாக வேண்டும்.

பொறியியலுக்குக் கொடுக்க வேண்டிய விலையையும் சொல்ல வேண்டும். படிப்பு நான்கு ஆண்டுகள். முதல் ஆண்டில் இயற்பியல், வேதியியல், பொறியியல் வரைபடம் ஆகியவை கணிசமான நேரத்தை எடுத்துக்கொள்கின்றன. நிரல் எழுதும் ஆசையோடு மட்டும் வந்தவர்கள் இங்கேதான் அரியர் வைக்கிறார்கள். அதைவிடப் பெரிய சிக்கல், ஒரே பாடத்திட்டத்தைப் பின்பற்றும் இணைவுக் கல்லூரிகளுக்குள்ளேயே கற்பித்தலில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு இருப்பதுதான். பாடத்திட்டத்தில் வரிசை அழகாக இருக்கலாம். தரவுக் கட்டமைப்பை நடத்த ஆளில்லாத கல்லூரியில் அந்த வரிசையால் ஒரு பயனும் இல்லை. தரவு அறிவியல், செயற்கை நுண்ணறிவு என்று இப்போது பெருகியிருக்கும் புதிய கிளைகளின் பெயர்களைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். முதல் இரண்டு ஆண்டுகளின் அடித்தளம் பெரும்பாலும் ஒன்றே. நல்ல கல்லூரியின் பி.டெக். தகவல் தொழில்நுட்பம், சுமாரான கல்லூரியின் எந்தப் புதிய கிளையையும்விட மேலானது.

முதல் மாணவியின் பெற்றோருக்குத் தெரியாமல் இருந்தது ஒன்று உண்டு. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடங்களைத் தமிழ்நாடு அரசு 2021-இல் சட்டமியற்றி ஒதுக்கியது. அந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பொதுப் பிரிவில் 165 என்ற கட்-ஆஃபுக்குக் கிடைக்கும் கல்லூரிக்கும், இந்த ஒதுக்கீட்டில் அதே 165-க்குக் கிடைக்கக்கூடிய கல்லூரிக்கும் இடையில் இருக்கும் தொலைவு மிகப் பெரியது. இத்துடன் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் சேர்கிறது. ஆண் மாணவர்களுக்கு இதே தொகையைத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 முதல் வழங்கி வருகிறது. இந்த உதவித்தொகை கலை அறிவியல் படிப்புகளுக்கும் பட்டயப் படிப்புக்கும் உண்டு. கல்விக் கட்டண விலக்கோடு கூடிய 7.5 விழுக்காடு ஒதுக்கீடோ தொழிற்படிப்புகளுக்கு உரியது. ‘இன்ஜினியரிங் என்றால் செலவு, பி.எஸ்சி. என்றால் சிக்கனம்’ என்ற கணக்கு அரசுப் பள்ளி மாணவர்களின் விஷயத்தில் தலைகீழாகிவிடும். அதனால் அவருக்கு முதல் தேர்வாகப் பொறியியலையே சொன்னேன். கலந்தாய்வில் அந்தக் கல்லூரிகள் கைநழுவினால், பெயருக்கு நடக்கும் ஒரு பொறியியல் கல்லூரியைத் தேடிப் போகாமல், நல்ல ஆசிரியர்கள் உள்ள கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியல் எடுக்கும்படியும் சொன்னேன். இந்த இரண்டாவது யோசனை அவருடைய தந்தைக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நான் அதை உறுதியாகவே நம்புகிறேன்.

பி.எஸ்சி. கணினி அறிவியலுக்கும் பி.சி.ஏ.-வுக்கும் உள்ள வேறுபாடு என்ன என்பதுதான் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி. இரண்டும் மூன்றாண்டுப் படிப்புகள். பெயரளவில், முன்னது அறிவியலை நோக்கியும் பின்னது பயன்பாட்டை நோக்கியும் அமைந்தவை. நடைமுறையில் பல கல்லூரிகளில் இரு வகுப்புகளுக்கும் அதே ஆசிரியர்கள்தான், அதே ஆய்வகம்தான், தரவுத்தளத் தாளும் ஏறத்தாழ அதே தாள்தான். உண்மையான வேறுபாட்டைச் சார்புப் பாடங்களில் தேட வேண்டும்: பி.எஸ்சி.யில் பெரும்பாலும் கணிதமும் புள்ளியியலும் சார்புப் பாடங்களாக வரும்; பி.சி.ஏ.-வில் சில பல்கலைக்கழகங்கள் கணிதத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கணக்கியல் போன்றவற்றை வைக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படித்தவர் பி.எஸ்சி.யை எடுப்பதே முறை. தனக்கு உள்ள வலிமையை அவர் விட்டுக்கொடுக்கக் காரணமே இல்லை. வணிகவியல் பிரிவிலிருந்து வருபவர்களுக்குப் பல கல்லூரிகளில் பி.சி.ஏ.-வின் கதவே திறந்திருக்கிறது. சேர்க்கைத் தகுதி பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறுபடுவதால், விண்ணப்பிக்கும் முன் அந்தந்தக் கல்லூரியின் விவரக் கையேட்டைப் படித்துவிட வேண்டும். 2024–25 கல்வியாண்டு முதல் பி.சி.ஏ. படிப்பு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டுவிட்டது. எனவே சேரவிருக்கும் கல்லூரியின் பி.சி.ஏ.-வுக்கு அந்தக் குழுவின் ஒப்புதல் இருக்கிறதா என்று கேட்டு உறுதிசெய்துகொள்வது நல்லது.

ஆய்வகத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் பட்டத்தின் பெயரைவிட இதுதான் மாணவரை ஆக்குவதும் கெடுப்பதும். செய்முறைத் தேர்வுகளுக்குப் புறத்தேர்வாளராகப் பல கல்லூரிகளுக்குச் சென்றிருக்கிறேன். ஒருமுறை ஒரு கல்லூரியில் அறுபது பேருடைய ரெக்கார்டு நோட்டுகளிலும் ஒரே அட்டவணை இருந்தது: மாணவர் பெயர், பதிவெண், பிறகு மதிப்பெண் ஒன்று, மதிப்பெண் இரண்டு என்று ஐந்து வரை. வினவல்களும் ஒன்றே, வெளியீடுகளும் ஒன்றே. வாய்மொழித் தேர்வில் ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டேன்: ஒரு மாணவர் ஆறாவதாக ஒரு பாடத்தை எடுத்துவிட்டால், அந்த மதிப்பெண்ணை இந்த அட்டவணையில் எங்கே எழுதுவீர்கள்? பெரும்பாலோர் மௌனமாக இருந்தார்கள். சிலர் இன்னொரு நெடுவரிசையைச் சேர்ப்போம் என்றார்கள். அப்படியானால் மூன்று பாடம் மட்டுமே எடுத்தவருடைய வரியில் மூன்று இடங்கள் காலியாகக் கிடக்குமே என்றபோது, இயல்பாக்கத்தின் மூன்று நிலைகளுக்கும் இலக்கணத்தைப் பிழையின்றி ஒப்பித்தவர்கூடத் திகைத்து நின்றார். மதிப்பெண்களைத் தனி அட்டவணையாகப் பிரித்து, ஒரு மாணவருக்கும் ஒரு பாடத்துக்கும் ஒரு வரி என்று வைக்கலாம் என ஒரே ஒரு மாணவி மட்டும் தாளில் வரைந்து காட்டினார். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு சிக்கலைக் கொடுத்து, ‘நீயே அட்டவணை அமைத்து வா’ என்று மூன்றாண்டுகளில் யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

ஆகவே கல்லூரியைப் பார்க்கப் போகும் பெற்றோர்கள் கட்டடத்தையும் வேலைவாய்ப்புப் பதாகையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டாம். இறுதியாண்டு மாணவர் யாரையாவது சந்தித்து, அவருடைய ரெக்கார்டு நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். இறுதித் திட்டப்பணியை அவரே செய்தாரா அல்லது வெளியில் விலைக்கு வாங்கினாரா என்று மென்மையாகக் கேளுங்கள். தரவுத்தள ஆய்வகத்துக்கு வாரம் எத்தனை மணி நேரம் ஒதுக்குகிறார்கள், கணினிக்கு ஒருவராக அமர முடிகிறதா, தன் விருப்பப்படி ஒரு சிறு பயன்பாட்டை வடிவமைக்கும் பயிற்சி உண்டா என்பவை அடுத்த கேள்விகள். ஆய்வகத்தில் உள்ள தரவுத்தள மென்பொருள் ஆரக்கிளா, மைஎஸ்கியூஎல்லா, போஸ்ட்கிரஸ்ஸா என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. இவற்றில் வினவல் எழுதப் பயன்படும் எஸ்கியூஎல் மொழிக்கு 1986 முதலே பொதுத் தரநிலை இருப்பதால், ஒன்றை ஆழமாகக் கற்றவர் மற்றொன்றுக்கு மாறச் சில வாரங்கள் போதும். வீட்டுக் கணினியிலும் கட்டணமின்றி நிறுவிப் பழகக்கூடிய ஒன்றாக இருந்தால் கூடுதல் நன்மை, அவ்வளவுதான். வினவலை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்ட இன்றைய நிலையிலும் இது மாறவில்லை. அட்டவணையைத் தவறாக அமைத்தவருக்கு அந்தக் கருவி தவறான அட்டவணைக்கு ஏற்ற வினவலைத்தான் எழுதித் தரும்.

இனி ஆண்டுக் கணக்கு. பி.எஸ்சி., பி.சி.ஏ. ஆகியவை மூன்றாண்டுகளில் முடிந்தாலும், வேலை விளம்பரங்களில் ‘பி.இ., பி.டெக்., எம்.சி.ஏ.’ என்று சேர்த்து எழுதும் வழக்கம் நீடிப்பதால், பலர் எம்.சி.ஏ. வரை போக வேண்டியிருக்கிறது. முன்பு மூன்றாண்டாக இருந்த எம்.சி.ஏ. 2020–21 முதல் இரண்டாண்டாகச் சுருங்கிவிட்டது; ஆக மொத்தம் ஐந்து ஆண்டுகள், பொறியியலைவிட ஓராண்டு அதிகம். அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் தேர்வும், என்.ஐ.டி.களுக்கான நிம்செட் தேர்வும் எம்.சி.ஏ.-வுக்கான வாயில்கள். நிம்செட் தேர்வில் கணிதமே பெரும்பங்கு என்பதால், கணிதத்தைத் தள்ளிப்போட்டவர் அங்கே அதற்கு வட்டியும் சேர்த்துக் கட்ட நேரும். இந்த ஐந்தாண்டுப் பாதையில் ஒரு நன்மையும் உண்டு: மூன்றாம் ஆண்டு முடிவில் நின்று யோசித்து, வேலைக்குப் போவதா மேலே படிப்பதா என்று முடிவு செய்யலாம். குடும்பத்தின் நிலை எப்போது எப்படி மாறும் என்று சொல்ல முடியாத வீடுகளுக்கு இந்த இடைநிறுத்தம் பெரிய ஆறுதல். விப்ரோ போன்ற நிறுவனங்கள் பி.எஸ்சி., பி.சி.ஏ. முடித்தவர்களை வேலைக்கு எடுத்துக்கொண்டே எம்.டெக். படிக்க வைக்கும் திட்டங்களை நடத்துகின்றன. பட்டமே இல்லாமல், பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கு உதவித்தொகையோடு பயிற்சி தந்து பணியில் அமர்த்தும் ஸோஹோ மென்பொருள் நிறுவனத்தின் பள்ளியும் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. இடங்கள் குறைவு என்றாலும் விண்ணப்பித்துப் பார்ப்பதில் இழப்பு ஒன்றுமில்லை.

பத்தாம் வகுப்புக்குப் பின் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டுக் கணினிப் பட்டயம் படித்து, நேரடியாகப் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரும் வழி, கைவேலையில் நாட்டமுள்ளவர்களுக்கு ஏற்றது. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் நடப்பது போன்ற ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. மென்பொருள் படிப்புகள் மிகச் சிறந்தவை; கணிதத்தில் நல்ல மதிப்பெண்ணும் ஐந்தாண்டுகள் காத்திருக்கும் வசதியும் இருந்தால் நான் தயங்காமல் சிபாரிசு செய்வேன். ஆனால் என்னைப் பார்க்க வந்த இருவருக்கும் இவை பொருந்தவில்லை.

சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய இணையவழிப் பட்டப்படிப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். இப்போது தரவு அறிவியல் மற்றும் பயன்பாடுகள் என்ற பெயரில் நான்காண்டு பி.எஸ். பட்டமாக நடக்கும் இதில் சேர ஜே.இ.இ. தேவையில்லை. பன்னிரண்டாம் வகுப்பை எந்தப் பிரிவில் முடித்திருந்தாலும், பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் விண்ணப்பிக்கலாம். நான்கு வாரப் பாடங்களைப் படித்து, ஒப்படைப்புகளை முடித்து, பிறகு தேர்வு மையத்துக்கு நேரில் சென்று தகுதித் தேர்வை எழுத வேண்டும். அடித்தள நிலையில் கணிதம், புள்ளியியல், கணிப்பியச் சிந்தனை, பைத்தான் ஆகியவை வருகின்றன. அடுத்து வரும் நிரலாக்கப் பட்டயத்தில் தரவுத்தள மேலாண்மை, தரவுக் கட்டமைப்பு, ஜாவா, வலைப் பயன்பாட்டு உருவாக்கம் ஆகியவை ஒன்றாக வருகின்றன. நான் மேலே சொன்ன வரிசை இதில் ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. வலைப் பயன்பாட்டுப் பாடத்துக்கான திட்டப்பணியில் மாணவரே தரவுத்தளத்தை வடிவமைத்து, முழுப் பயன்பாட்டையும் கட்டி, அதை வாய்மொழியாக விளக்கவும் வேண்டும். அடித்தளம், பட்டயம், பி.எஸ்சி., பி.எஸ். என்று ஒவ்வொரு நிலையிலும் சான்றிதழுடன் வெளியேறவும் வழியிருக்கிறது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கும் பட்டியலினத்தவர்க்கும் கட்டணச் சலுகை உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்களைப் படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் அனுமதித்துவிட்டதால், கல்லூரியில் பி.சி.ஏ. படித்துக்கொண்டே இதையும் தொடர முடியும். எனினும் இதை மட்டுமே நம்பிச் சேருமாறு பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு நான் சொல்வதில்லை. பாடங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. தினமும் தானே அமர்ந்து படிக்கும் ஒழுங்கு வேண்டும். கூடப் படிக்கும் தோழிகளும், சந்தேகம் கேட்டதும் பலகையில் வரைந்து காட்டும் ஆசிரியரும் அருகில் இருப்பதில்லை. பலர் தகுதித் தேர்வைத் தாண்டிய பிறகு அடித்தள நிலையிலேயே சோர்ந்துவிடுவதை என் மாணவர்களிடமே பார்த்திருக்கிறேன்.

வணிகவியல் மாணவிக்கு நான் சொன்னது இந்தக் கணக்குகளையெல்லாம் வைத்துத்தான். வீட்டிலிருந்து போய்வரக்கூடிய கல்லூரியில் பி.சி.ஏ.; முதல் ஆண்டு கல்லூரிப் பாடத்தில் கால் ஊன்றிய பிறகு, இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்தில் சென்னை ஐ.ஐ.டி.யின் தகுதித் தேர்வு. அதன் அடித்தள நிலையை மட்டும் முடித்தாலும், பள்ளியில் விடுபட்ட கணிதமும் புள்ளியியலும் அவருக்கு வந்துசேர்ந்துவிடும், எம்.சி.ஏ. நுழைவுத் தேர்வுக்கும் அதுவே ஆயத்தமாகும். இரண்டு பட்டமும் சேர்த்துப் படிக்க முடியுமா என்று அவருடைய அம்மா கவலைப்பட்டார். முடியாவிட்டால் அடித்தளச் சான்றிதழோடு நிறுத்திக்கொள்ளலாம், அதனால் பி.சி.ஏ.-வுக்குப் பாதிப்பு வராது என்று விளக்கினேன்.

கல்லூரி திறக்கும் வரை என்ன செய்யலாம் என்று அவர் கேட்டார். அவர் படித்த கணினிப் பயன்பாடுகள் புத்தகத்திலேயே பிஎச்பி என்ற வலை மொழியில் எழுதிய நிரலை மைஎஸ்கியூஎல்லுடன் இணைக்கும் பாடம் இருக்கிறது. தேர்வுக்காகப் படித்து மறந்திருந்தார். அந்தப் பாடத்தை எடுத்து, அவருடைய அம்மா நடத்தும் மகளிர் சுயஉதவிக் குழுவின் சேமிப்பு, கடன், தவணைக் கணக்குக்கு ஓர் அட்டவணை அமைப்பை முதலில் தாளில் வரைந்து வரச் சொன்னேன். மறுவாரம் கொண்டுவந்த தாளில் ஒவ்வோர் உறுப்பினருக்கும் தவணை ஒன்று, தவணை இரண்டு என்று பன்னிரண்டு நெடுவரிசைகள் போட்டிருந்தார். பதின்மூன்றாவது மாதத்தை எங்கே எழுதுவீர்கள் என்று கேட்டேன். சற்று நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தவணைகளை மட்டும் தனியாகப் பிரித்துக் கீழே இன்னோர் அட்டவணையை வரையத் தொடங்கினார்.